கை வராது

ஞாயிறு மலரில் என் முதல் கதை வந்தபோது
கதாநாயகிக்குக் கைகளே இல்லை.
ஒன்று முந்தானைக்குள்.
மற்றது வாழைமரத்துக்குப் பின்னால்.
கதையில் வாழைமரமே கிடையாது.
அவள் நிற்பது ஆயர் ஈத்தாமில்
அடுக்குமாடியின் பதினோராம் தளத்தில்.

சண்டை பிடிக்கத்தான் போனேன்.
ஜெலுத்தோங்கில் டயர் கடைக்கு மேலே ஓர் அறை.
கதவைத் திறந்தவர் வாயில் திருப்புளி,
தோளில் ஊதா நிறத்தில் ஒரு பூனை.
"கைதானே? வராது" என்றார் பூபாலன்.
"முகம் வரும், முழங்கால் வரும்,
மழை ரொம்ப நல்லா வரும்.
விரல்னு வந்துட்டா
அஞ்சும் வெண்டைக்காய்."

யாரிடமும் படித்ததில்லை.
துறைமுகக் கிடங்கில் சரக்கு எண்ணும் வேலை.
லாரி வராத மத்தியானங்களில்
இறக்குமதிப் பாரங்களின் முதுகில்
கிரேன், கிரேன் உச்சியில் காகம்,
காகத்தை முறைக்கும் மேலாளர்.
ஒருமுறை எண்ணிக்கை தவறி
நாற்பது மூட்டைப் பூண்டு
கணக்கில் காகங்களாய்ப் பறந்துபோனது.

ஓவியம் மட்டும் என்றால் சமாளிக்கலாம்.
அந்த அறையில்
வயிறு திறந்து கிடந்தன ஏழு வானொலிகள்.
ஊறுகாய்ப் புட்டிகளில் விட்டில் பூச்சிகள்,
எந்தத் தெருவிளக்கடியில் கிடைத்தன என்று
தேதியோடு சீட்டு ஒட்டி.
மவுத் ஆர்கனில் இரண்டு பாட்டுத் தெரியும்,
இரண்டும் பாதி.
அந்த ஆண்டு மங்குஸ்தீன் தோலில்
மை காய்ச்சிக்கொண்டிருந்தார்
(பூனையின் நிறம் அப்படித்தான்).

கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்தே
சீன எழுத்தும் வந்துவிட்டது கைக்கு,
கண்ணுக்கு வரவில்லை.
என் கல்யாணக் கதைக்கு
மண்டப வாசலில் அவர் தீட்டிய இரண்டு எழுத்து
அவ்வளவு அழகு.
சவப்பெட்டிக் கடையுடையதாம்.
ஆசிரியருக்கு நான்கு தொலைபேசி.

நானும் பழிவாங்கினேன்.
கை உள்ள கதைகளாகவே எழுதினேன்.
தட்டச்சுக்காரி: முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.
ரொட்டி சானாய் வீசுகிறவன்:
ரொட்டி முழுப் பக்கத்தையும் மறைத்தது.
ஜேப்படித் திருடனுக்கு
ஒரு சட்டைப் பையை மட்டும் வரைந்தார்,
உள்ளே ஏதோ அசைவதுபோல்.
நல்ல படம்.
அவரிடம் சொல்லவில்லை.
எனக்குக் கதைக்குப் பத்து வெள்ளி,
அவருக்குப் படத்துக்கு எட்டு.

பிறகு ஒரு காலை ஃபெரியில் பார்த்தேன்.
எங்கேயும் போகவில்லை அவர்.
பட்டர்வொர்த் போனார், இறங்கினார்,
காசு கட்டி மறுபடி ஏறினார்.
மடியில் நோட்டு.
அருகில் போய் எட்டிப் பார்த்தேன்:
கம்பியைப் பிடித்த கைகள்,
பக்கம் பக்கமாய், ஆளே இல்லாமல்.
கோப்பிப் பொட்டலம் தொங்கும் சுண்டுவிரல்.
இரவுப்பணி முடிந்த தாதியின்
தூங்கிப்போன உள்ளங்கை.
தூக்கிய குழந்தையின் முதுகில்
பரந்து கிடக்கும் ஒரு மீனவனின் ஐந்து விரல்.
வெண்டைக்காய்தான் பாதிக்குமேல்.
பதினொன்றாவது நோட்டாம்.
என்னை அவர் கவனிக்கவில்லை
என்று நினைத்தேன்.

அந்த மாதம் நான் எழுதியது
கையைப் பற்றிப் பேச்சே இல்லாத ஒரு கதை.
மழை, படகுத்துறை, யாரும் வராமை.
மழைதான் அவருக்கு நன்றாக வருமே.
மலரைப் பிரித்தேன்.
மழை இல்லை.
கம்பியின் மேல் இரண்டு கைகள்.
நடுவிரலில் பேனா அழுத்திய காய்ப்பு,
கட்டைவிரலில்
டுரியான் முள் கிழித்த தழும்பு.
டீயைக் கீழே வைத்துவிட்டு
என் கையைத் திருப்பிப் பார்த்தேன்.
சுட்டுவிரல் மட்டும் கொஞ்சம் நீளம், படத்தில்.

டயர் கடைக்குத் தொலைபேசினேன்,
கூப்பிட்டு விட்டார்கள்.
என்ன சொல்வது என்று தெரியாமல்
"சுட்டுவிரல் நீளம்" என்றேன்.
பின்னால் ஏதோ வானொலி இருமியது.
"கை போதும்" என்றார்.
"இப்ப இந்தக் காதுதான் படுத்துது."

அடுத்த வாரக் கதாநாயகிக்கு
இரண்டு காதையும் மூடி
இடுப்புவரை புரண்டது கூந்தல்.
தைப்பூசத்துக்கு மொட்டை போட்டவள் என்று
முதல் வரியிலேயே எழுதியிருந்தேன்.